கஞ்சியும் கூழும்

சென்ற ஆடித் திங்களில் ஒரு நாள், பினாங்குப் பட்டணத்தில் ஓர் அம்மன் கோயில் வாயிலிலே கூழ் வாங்கும் வரிசையில் நாமும் நின்றிருந்தோம். நமக்கு முன்னே ஒரு மூதாட்டியார். அவர் கையைப் பற்றிக்கொண்டு பள்ளியிற் படிக்கும் அவருடைய பேரன். கோப்பையைக் கையில் வாங்கிய சிறுவன், "பாட்டி, கஞ்சி என்ன இவ்வளவு கெட்டியா இருக்கு?" என்றான்.

"கஞ்சி இல்லடா, கூழு."

"ரெண்டும் ஒண்ணுதானே? பள்ளிக்கூடத்துல ரெண்டையும் புபோர்னுதான் சொல்றாங்க."

மூதாட்டியார் சிரித்தார். "கஞ்சின்னா வடிக்கலாம். எங்கே, இதை வடிச்சுப் பாரு, வருதான்னு பார்க்கலாம்" என்றார்.

அகராதியாசிரியர்கள் அரைப் பக்கம் எழுதி விளக்கும் பொருளை அவ்வம்மையார் ஒரே வினையில் அடக்கிவிட்டார். வீடு திரும்பிய பின்னும் அச்சொல் நம் நெஞ்சை விட்டு நீங்கவில்லை. கஞ்சியையும் கூழையும் ஒன்றென எண்ணுவோர் இன்று நம்மிடையே பலராயினர். ஆனால் இவ்விரு சொற்களின் சரித்திரம் வேறு வேறு. அந்த வேறுபாட்டைத் தொடர்ந்து சென்றால், நம்மவர் கடல் கடந்து இந்நாட்டுக்கு வந்த சரித்திரத்திற் கொண்டுபோய் விடுகிறது. ஆதலின் அதனை நேயர்களுக்கு எடுத்துரைக்க விழைகின்றோம்.

அடுப்படியில் உள்ள வேறுபாடு

அரிசியை மிகுந்த நீரிற் பெய்து கொதிக்கவைத்துச் சோறு வெந்ததும் வடித்தெடுக்கும் நீரே கஞ்சி. அதுவே அச்சொல்லின் பழம்பொருள். பின்னர், வடிக்காமல் மணியும் நீருமாகக் குழைய விட்டதும் கஞ்சி எனப்பட்டது. துணிக்கு விறைப்பு ஏற்றப் பயன்படும் பசைநீரும் அப்பெயரையே பெற்றது. இம்மூன்றிலும் நீரே தலைமை பெறுகின்றது. தானியம் அதனுள் மிதக்கும், அல்லது கரைந்திருக்கும்.

கூழ் அவ்வாறன்று. கேழ்வரகையோ கம்பையோ முதலில் இடித்தோ திரித்தோ மாவாக்க வேண்டும். அம்மாவை நீரிற் கரைத்து ஓர் இரவு புளிக்கவிட வேண்டும். மறுநாள் நொய்யரிசியை வேகவைத்து, அதனுள் புளித்த மாவை ஊற்றி, அடிப்பிடியாமல் துடுப்பால் துழாவிக்கொண்டே இருக்க வேண்டும். வெந்து இறுகியதைப் பானையில் ஆறவைத்து, உண்ணும்போது மோரோ நீரோ விட்டு, உப்பும் சிறிய வெங்காயமும் சேர்த்துக் கரைத்துக் குடிப்பர். இங்கே தானியம் நீரை முழுதும் தன்னுள் இழுத்துக்கொள்கிறது. இனி அதனினின்று நீரைப் பிரிக்க எவராலும் ஆகாது. கூழினும் இறுகினால் அது களியாகிவிடும்.

குழந்தைக்கும் நோயாளிக்கும் கேழ்வரகு மாவில் இளக்கமாகக் காய்ச்சுவதைக் கஞ்சி என்றுதானே சொல்கிறோம் என்று நேயர் வினவலாம். உண்மையே. மாவாயினும் மிக நீர்த்தால் கஞ்சியின் பெயரைப் பெற்றுவிடுகிறது. எனவே மாவா மணியா என்பதோடு, நீர் மிகுந்ததா தானியம் மிகுந்ததா என்பதையும் நம் பெண்மணிகள் பார்த்துப் பெயரிட்டிருக்கின்றனர். இரண்டு அளவையாலும் தேறுவதே கூழ்.

ஏட்டில் உள்ள வேறுபாடு

இன்று 'கூழ்' என்றால் ஏழையின் உணவு என்று முகஞ் சுளிப்பாருண்டு. பழந்தமிழில் அச்சொல் பெற்றிருந்த உயரம் அவர்கட்குத் தெரியாது. திருக்குறளின் இறைமாட்சி அதிகாரத்து முதற் குறள், அரசனுக்கு உரிய ஆறு அங்கங்களுள் ஒன்றாகக் கூழை எண்ணுகிறது. அங்கே கூழ் என்பது பொருள், நாட்டின் செல்வம். கொடுங்கோன்மை அதிகாரமும், முறை தவறிய அரசன் தன் கூழையும் குடிகளையும் ஒருங்கே இழப்பான் என்கிறது. மக்கட்பேற்றைச் சொல்லுமிடத்தில் குழந்தையின் சிறு கை அளைந்த உணவும் கூழ் என்றே குறிக்கப்படுகிறது. உணவு, பயிர், பொருள் ஆகிய அனைத்தையும் ஒரு சொல்லுள் அடக்கி வழங்கியவர் நம் முன்னோர். ஒரு நாட்டின் செல்வமாவது அதன் குடிகள் உண்ணும் உணவே என்ற தெளிவு அவர்களுக்கு இருந்தது போலும்!

கஞ்சியோ பழைய நூலில் தெருவில் ஓடுகிறது. கரிகாற் சோழனைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில் ஒரு காட்சி காட்டுகிறார். காவிரிப்பூம்பட்டினத்து அட்டிற்சாலைகளில் வடித்த கஞ்சி வீதியில் வழிந்து பெருகுகிறது. அதிலே எருதுகள் முட்டி மோதச் சேறாகிறது. பின் தேர்கள் ஓட ஓட அச்சேறு காய்ந்து புழுதியாகி, எழுந்து, ஓவியந் தீட்டிய மாளிகைச் சுவர்களிற் படிகிறது. சோறு மிகுந்த ஊரில் கஞ்சி கழித்து ஊற்றப்படும் பொருள். அதே நூல் அப்பட்டினத்துக் கடைவீதியில் குவிந்த பண்டங்களுள் காழகத்துப் பொருளையும் சொல்கிறது. காழகம் என்பது கடாரமே என்று உரை வகுத்தார் நச்சினார்க்கினியர். வேறு கூறுவாரும் உளர். கடாரமாவது இன்றைய கெடா. நாம் வாழும் இப்பினாங்குத் தீவு 1786-ஆம் ஆண்டுவரை அக்கெடாவின் ஒரு பகுதியாகவே இருந்தது.

அக்காலத்தில் கூழ் செல்வம், கஞ்சி கழிநீர். பிற்காலத்தில் கூழ் செல்வம் என்ற பொருளை இழந்து, புன்செய்த் தானியத்தை உண்பவனின் உணவு என்ற அளவில் சுருங்கிற்று. நெல் விளைந்த நிலமும் நெற்சோறும் உயர்ந்தவை என்றும், கம்பும் கேழ்வரகும் தாழ்ந்தவை என்றும் ஒரு சாதிக் கணக்குத் தானியத்துக்குள்ளும் புகுந்தது. உண்ணும் உணவை வைத்து மனிதனை அளக்கும் அக்கணக்கே 'கூழுக்கும் வழியற்றவன்' என்ற வசையைப் பெற்றெடுத்தது.

கடல் கடந்த சொல்

இவ்விரண்டனுள் உலகைச் சுற்றிவந்த சொல் கஞ்சியே. 1563-ஆம் ஆண்டு கோவையில் அன்று, கோவாவில் அச்சான தம் நூலிலே, கார்சியா த ஓர்த்தா என்னும் போர்த்துக்கீசிய மருத்துவர், வாந்திபேதி கண்டவர்க்கு மிளகும் சீரகமும் சேர்த்த அரிசிநீர் கொடுப்பதை எழுதி, அதன் பெயர் 'கஞ்செ' என்று குறித்தார். போர்த்துக்கீசியர் அச்சொல்லைத் தம் நாட்டுக்கும் பிரேசிலுக்கும் கொண்டு சென்றனர். இன்று அங்கே 'கான்ஜா' என்றால் அரிசி இட்ட கோழிச்சாறு. ஆங்கிலேயர் வாயில் அது 'கான்ஜீ' ஆயிற்று. இப்பட்டணத்துச் சீனர் தம் மொழியில் வேறு பெயரிட்டு வழங்கும் அரிசிக் கஞ்சிக்கும், ஆங்கிலத்தில் எழுதும்போது பெரும்பாலும் இத்தமிழ்ப் பெயரே வாய்க்கிறது. மலாய் மொழியிலும் 'காஞ்சி' உண்டு. மாப்பசைக்கும் துணிக்கு இடும் பசைக்கும் அதுவே பெயர். ஆயர் ஈத்தாம் ஆற்றங்கரையில் தோபி காட் என்று பெயர் பெற்ற இடத்தில் துணி வெளுத்துக் கஞ்சியிட்டுப் பிழைத்த தமிழ்த் தொழிலாளரை நினைத்தால், அச்சொல் இங்கே அன்றாடம் ஒலித்த வகை நமக்குப் புலனாகும்.

ஆனால் கஞ்சியின் உலகப் பயணம் முழுதும் பெருமைக்குரியதன்று. யூல், பர்னல் என்னும் இருவர் 1886-இல் வெளியிட்ட ஆங்கில-இந்தியச் சொல்லகராதியான ஆப்சன்-ஜாப்சனில் 'கஞ்சி வீடு' என்றொரு சொல் காணப்படுகிறது. அது படைவீரரை அடைத்துவைக்கும் காவலறை. உள்ளே கிடப்பவனுக்குக் கஞ்சியே உணவு என்பதால் வந்த பெயராம். அடைபட்டவனின் உணவு கஞ்சி. நோயாளியின் உணவு கஞ்சி. பஞ்சத்தில் அடிபட்டவனின் உணவும் கஞ்சியே.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தை நம் பாட்டன்மார் வாய்மொழியாகக் கேட்டிருப்போம். அப்பஞ்சத்தில் ஊருக்கு ஊர் எழுந்தவை கஞ்சித் தொட்டிகள். மேற்பார்வைக்கு வந்த சர் ரிச்சர்டு டெம்பிள் 1877-இல் நிவாரண வேலை செய்வோர்க்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும் போதும் என்று கூலியைக் குறைத்ததும் சரித்திரம். காவிரிப்பூம்பட்டினத்தில் தெருவில் வழிந்த கஞ்சிக்காக, அதே சோழ நாட்டு மக்களும் கலயம் ஏந்தி வரிசையில் நின்றனர். அங்கிருந்து நாகப்பட்டினத்துத் துறைக்கு நடந்தவர் எத்தனை பேர்! அவர்களின் வழிவந்தோரே நம்மிற் பலர்.

கூழ் ஏன் கப்பலேறவில்லை?

தமிழர் பினாங்குக்கு வந்தது பஞ்சத்துக்கு முன்னரே. பிரான்சிசு லைட் 1794-இல் எழுதிய கடிதத்தில், சோழமண்டலக் கரையிலிருந்து வந்த கடைக்காரரும் கூலிகளுமாகச் சுமார் ஆயிரம் பேர் இங்குக் குடியேறியிருப்பதையும், ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 பேர் வரை கப்பலில் வந்து உழைத்துச் சில வெள்ளி சேர்த்துத் திரும்புவதையும் குறித்திருக்கிறார். பின்னர் வெல்லெஸ்லி மாகாணத்து, இன்றைய செபராங் பிறையின், கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகள் வந்தனர். 1910-இல் ஒப்பந்த முறை ஒழிந்தது. கங்காணி முறையில் ரப்பர்த் தோட்டங்களுக்கு ஆட்கள் வருவது 1938-இல் இந்திய அரசாங்கம் தடை செய்யும் வரை நடந்தது. 1926 முதல் 1973 வரை ஓடிய 'ரஜூலா' கப்பலை இன்னும் நினைவிற் கொண்டுள்ள முதியோர் உளர்.

கப்பலில் வந்தவன் தகரப் பெட்டியில் வேட்டியும், மஞ்சட் பையில் திருநீறும் கொண்டுவந்தான். திரிகைக் கல்லைக் கொண்டுவர முடியுமா? உரலையும் உலக்கையையும் சுமந்து ஏணியில் ஏற முடியுமா? கூழுக்கு வேண்டியவை யாவை என்று எண்ணிப் பாருங்கள். புன்செய்த் தானியம் வேண்டும். இந்நாட்டில் அது விளைவிக்கப்படவில்லை. திரிக்கக் கல் வேண்டும். புளிக்கவைக்க ஓர் இரவும், துழாவ ஒரு நாழிகையும் வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, ஒரு குடும்பம் வேண்டும். வந்தவருட் பெரும்பாலோர் தனி ஆண்கள். 1931-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கிலும் மலாயா இந்தியருள் ஆயிரம் ஆண்களுக்குப் பெண்கள் ஐந்நூறை எட்டவில்லை. விடியுமுன் தப்பு அடித்தால் பெரட்டுக் களத்தில் நிற்க வேண்டியவனுக்கும், பால்வாளியோடு மரத்துக்கு ஓட வேண்டியவளுக்கும், கூழ் கிண்டப் பொழுது ஏது?

கஞ்சிக்கு இவை ஒன்றும் வேண்டா. அரிசியும் நீரும் விறகும் போதும். பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் அரிசி மூட்டை மூட்டையாகப் பினாங்குத் துறையில் இறங்கிற்று. தோட்டத்துக் கடையில் அரிசியைக் கொடுத்துக் கணக்கிற் பிடித்துக்கொண்டனர். இரவு வடித்த சோற்றில் மிஞ்சியதற்கு நீர் ஊற்றிவைத்துக் காலையில் தூக்குச்சட்டியில் எடுத்துச் சென்றனர். இங்ஙனம் கஞ்சி இந்நாட்டில் வேரூன்றியது. கூழ் ஆடி மாதத்தில் ஒரு நாள் அம்மனுக்கு உரியதாக ஒதுங்கிற்று. நம்மவர் கூழை வெறுத்துக் கைவிட்டாரில்லை. கூழ் சமைக்கக்கூடிய வாழ்க்கையை அவர்களிடமிருந்து கூலிமுறை பறித்துவிட்டது.

வடித்ததில் இருந்த உயிர்

அரிசிச் சோறே உண்ணத் தலைப்பட்ட மலாயாவில், இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில், 'பெரிபெரி' என்னும் நோய் கணக்கற்ற உழைப்பாளிகளை மாய்த்தது. கால் வீங்கி, நெஞ்சு தளர்ந்து சாகும் கொடிய நோய் அது. நெகிரி செம்பிலானில் மருத்துவராயிருந்த பிராடன் 1907-இல் வெளியிட்ட நூலில் ஒரு புதுமையைக் காட்டினார். தீட்டிய வெள்ளரிசி உண்ட சீனத் தொழிலாளர் இந்நோயால் மிகுதியும் மடிந்தனர். புழுங்கலரிசி உண்ட தமிழரை அந்நோய் அணுகவில்லை. கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பிரேசர், ஸ்டான்டன் இருவரும் தொழிலாளரிடையே சோதித்து, நோய்க்குக் காரணம் தீட்டிய அரிசியே என்று 1909-இல் நிறுவினர். நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள உயிர்ச்சத்து அரிசிக்குள் இறங்கித் தங்கிவிடுகிறது. தீட்டிய அரிசியில் அது போய்விடுகிறது.

அச்சத்து நீரிற் கரையும் இயல்புடையது. ஆதலின் சோற்றை வடித்தால் அதில் ஒரு பங்கு கஞ்சியோடு போகும். வடித்த கஞ்சியைக் கொட்டாமல் உப்பிட்டுக் குடித்த ஏழை, தன்னை அறியாமலே தன் உடலைக் காத்துக்கொண்டான். கூழும் இவ்வகையிற் குறைந்ததன்று. கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணச்சத்து உண்டு. அரிசியில் அதன் பத்தில் ஒரு பங்கும் இல்லை. பட்டணத்து மருந்துக்கடைகளில் இன்று கேழ்வரகு மாவு அழகிய பொட்டலத்தில் விலை உயர்ந்து விற்கிறது. தாழ்ந்த தானியம் என்று இகழ்ந்தவரே, நீரிழிவுக்கு அஞ்சி அதைத் தேடி வாங்குகின்றனர்!

1941 டிசம்பரில் ஜப்பானியர் இத்தீவைப் பிடித்தபின் அரிசியும் அற்றுப்போயிற்று. 1945 வரை மரவள்ளிக் கிழங்கே பலருக்கு உயிர் தந்தது. சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட பல்லாயிரந் தமிழருள் திரும்பாதவர் மிகப் பலர். அக்காலத்தை வாழ்ந்து கடந்தோர், தெளிந்த நீரில் எண்ணத்தக்க சில பருக்கைகள் மிதந்ததையும் கஞ்சி என்றுதான் சொன்னார்கள். கூழ் என்று ஒருவரும் சொல்லவில்லை.

இகழ்வதும் மதிப்பதும்

இவற்றைச் சொல்லும்போது, கஞ்சி இழிந்தது, கூழ் உயர்ந்தது என்று தீர்ப்பளிப்பது நம் கருத்தன்று. பிட் வீதியில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் 1801-இல் தோன்றியது. நோன்பு மாதத்தில் பெரிய அண்டாக்களில் அங்குக் காய்ச்சப்படும் கஞ்சியை வாங்க, மாலையில் பல இனத்தாரும் கலயத்தோடு வருவதை இப்பட்டணத்தார் அறிவர். செல்வனும் ஏழையும் ஒரே அண்டாவிற் பெற்று ஒரே நேரத்தில் அருந்தும் அக்கஞ்சியில் இழிவு எங்கே இருக்கிறது? ஈழத்தில் 2009-ஆம் ஆண்டுப் போரின் இறுதி நாட்களில் முள்ளிவாய்க்காலில் முற்றுகைக்குட்பட்ட மக்கள் உப்பும் அரிசியுமாகக் காய்ச்சிக் குடித்த கஞ்சியை, ஆண்டுதோறும் மே மாதத்தில் காய்ச்சி, இறந்தோரை நினைந்து பகிர்ந்துகொள்கின்றனர். கஞ்சி அங்கே ஓர் இனத்தின் நினைவாகிவிட்டது.

அதே ஈழத்து யாழ்ப்பாணத்தில் கூழ் வேறு கோலம் பூணுகிறது. அரிசிமாவும் பனங்கட்டியும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த ஆடிக்கூழ், ஆடி முதல் நாளின் விருந்து. நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் குழந்தைகட்கென அதைப் பாடியிருக்கிறார். பனங்கிழங்கு மாவும் மீனும் நண்டும் சேர்ந்த ஒடியற்கூழ், உற்றார் கூடியுண்ணும் உணவு. ரயில்வேயிலும் அலுவலகங்களிலும் வேலை பார்க்க மலாயாவுக்கு வந்த யாழ்ப்பாணத்தார், கூழென்றால் வறுமை என்று எண்ணியதில்லை. தமிழ்நாட்டில் இழிவாக்கப்பட்டதே ஈழத்தில் விருந்தாயிற்று என்றால், இழிவு கூழில் இல்லை. பார்ப்பவர் கண்ணில் இருக்கிறது.

நம் ஊரகங்களில் கூழும் சில வேளை எட்ட நின்று குழிந்த கையில் ஊற்றப்பட்டதுண்டு. தீண்டாமை என்னும் பேய் எந்தப் பானையையும் விட்டுவைக்கவில்லை. எனவே சொல்லில் உயர்வு தாழ்வு பார்ப்பதில் பயனில்லை. அகப்பை யார் கையில் இருந்தது, கலயம் யார் கையில் இருந்தது என்று பார்ப்பதே சரித்திரம் பயில்வோர்க்கு அழகு.

பிறர் தரக் கையேந்தி வாங்கிய கஞ்சி நம்மவர் உயிரைக் காத்தது. அதனை மறத்தல் நன்றியன்று. ஆயினும் அதிலேயே நின்றுவிடுதல் அறிவன்று. தன் முயற்சியால் வந்ததாயின் தெளிநீர் போன்ற புற்கையினும் இனிய உணவு வேறில்லை என்பது வள்ளுவர் கருத்து. அவரே நாட்டின் செல்வத்தைக் கூழ் என்றழைத்தார். தோட்டத்திலும் பட்டணத்திலும் உழைக்கும் நம் மக்கள், கூழ் என்ற சொல்லின் அப்பழம்பொருளை மீட்டுக்கொள்ள வேண்டும். சொந்த வீடு, பிள்ளைக்குக் கல்வி, கையிற் சேமிப்பு, ஒருவர் தயவையும் நாடாத அடுப்பு ஆகிய இவையே நம் கூழ். திருநாளன்று நூறு பேருக்கு ஊற்றும் கொடையாளர், அந்நூறு பேருள் ஒருவன் மகனைத் தொழிற்கல்வி பயில வைப்பாராயின், மறு ஆண்டு வரிசையில் ஒரு கலயம் குறையும். அக்குறைவே அவருக்குப் பெருமை.

வரிசையில் நின்ற சிறுவன் கோப்பையைக் கவிழ்த்துப் பார்த்தான். கூழ் வழியவில்லை. "ஆமாம் பாட்டி, வடியலை" என்று வியந்தான். வீட்டுக்குப் போனதும் அதை எப்படிச் செய்வதென்று அவனுக்கு அவர் காட்டியிருப்பார் என்றே நம்புகின்றோம். நம் வீடுகளிலும் பிள்ளைகள் கேட்கும் நாள் வரும். அன்று இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லி அனுப்பிவிடாமல், அடுப்பருகே அழைத்து, ஒரு பிடி மாவையும் துடுப்பையும் அவர்கள் கையிற் கொடுப்போமாக.